அழிய மறுக்கும் டெம்ப் ஃபைல்கள்: அறிகுறியைப் பார்த்து வழி தேடுங்கள்

சிசிகிளீனர், பிளீச்பிட், விண்டோஸோடு வரும் டிஸ்க் கிளீனப் என எதை ஓட்டினாலும் கடைசியில் சில டெம்ப் ஃபைல்கள் (புரோகிராம்கள் தற்காலிகமாக உருவாக்கும் ஃபைல்கள்) மட்டும் அசையாமல் கிடக்கும். உடனே பலரும் இன்னொரு கிளீனரைத் தேடி இறக்குகிறார்கள். அதில் பயனில்லை. எந்த கிளீனரும் ஃபைலைத் தானாக அழிப்பதில்லை, விண்டோஸிடம் அழிக்கச் சொல்லிக் கேட்கிறது, அவ்வளவுதான். விண்டோஸ் மறுத்துவிட்டால் எல்லா கிளீனருக்கும் அதே பதில்தான் கிடைக்கும். ஏன் மறுக்கிறது என்பது எரர் மெசேஜில் இருக்கும். ஆனால் பெரும்பாலான கிளீனர்கள் அந்த மெசேஜைக் காட்டாமல் "சில ஃபைல்களை நீக்க முடியவில்லை" என்று மட்டும் சொல்லி முடித்துவிடும். ஆகவே கிளீனரை மூடிவிட்டு, ஒருமுறை கையால் அழித்துப் பாருங்கள்.

கீழே உள்ளவை விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும். கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம், கம்ப்யூட்டரில் ஆங்கிலத்தில் தட்டுங்கள். குழப்பம் வரக்கூடிய இடங்களில் எழுத்தெழுத்தாகப் பிரித்திருக்கிறோம்.

முதலில் இதைச் செய்யுங்கள்

திறந்திருக்கும் வேலைகளை சேவ் செய்து எல்லாவற்றையும் மூடுங்கள். ஸ்டார்ட் மெனுவில் ரீஸ்டார்ட் கொடுங்கள். ஷட் டவுன் செய்து மறுபடி ஆன் செய்வது இதற்கு ஈடாகாது, காரணம் பின்னால் வருகிறது. கம்ப்யூட்டர் திரும்ப வந்ததும் வேறு எதையும் திறக்காமல் விண்டோஸ் கீயையும் ஆர் கீயையும் சேர்த்து அழுத்தி, %டெம்ப்% என்று தட்டி என்டர் கொடுங்கள். திறப்பது உங்கள் யூசர் கணக்கின் டெம்ப் ஃபோல்டர். கன்ட்ரோல் + ஏ, பிறகு ஷிஃப்ட் + டெலீட். இடையில் மெசேஜ் வந்தால் அதைப் படித்து எழுதி வைத்துக்கொண்டு ஸ்கிப் அழுத்துங்கள்.

சி:\விண்டோஸ்\டெம்ப் ஃபோல்டரிலும் இதையே செய்யுங்கள். அது சிஸ்டத்துக்கு உரியது என்பதால் உள்ளே போக அட்மின் அனுமதி கேட்கும், கன்டினியூ கொடுங்கள். விண்டோஸ் 11-இல் சி:\விண்டோஸ்\சிஸ்டம்டெம்ப் என்று மூன்றாவதாக ஒன்றும் உண்டு. சிஸ்டம் கணக்கில் ஓடும் சர்வீஸ்கள் (சன்னல் இல்லாமல் பின்னணியில் ஓடும் புரோகிராம்கள்) அங்கே எழுதுகின்றன. அதை அப்படியே விட்டுவிடலாம்.

அழிக்கும் முன் இரண்டு விஷயம். மின்சாரம் போய் வேர்டு, எக்செல் வேலை தொலைந்திருந்தால், அதை மீட்கும்வரை டெம்ப் ஃபோல்டரைத் தொடாதீர்கள். ரார்$ என்று பெயர் தொடங்கும் ஃபோல்டர் இருந்தால் உள்ளே திறந்து பாருங்கள். வின்ரார் சன்னலுக்குள்ளிருந்தே ஒரு ஃபைலை டபுள் கிளிக் செய்து திறந்தால், அதன் நகல் அந்த ஃபோல்டரில்தான் உட்காருகிறது. அதில் செய்த திருத்தம் ஆர்கைவுக்குள் (சுருக்கிய மூலத் தொகுப்புக்குள்) திரும்பிச் சேராமல் போயிருந்தால், உங்கள் உழைப்பு இருக்கும் ஒரே இடம் அதுவாக இருக்கலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் மிஞ்சி நிற்பவைதான் உண்மையான பிடிவாதக்காரர்கள்.

அறிகுறி: "இந்த ஃபைல் வேறொரு புரோகிராமில் திறந்திருக்கிறது"

எரர் எண் 32 என்று வருவதும் இதுதான். ஒரு புரோகிராம் ஃபைலைத் திறக்கும்போது, மற்றவர்கள் அதைப் படிக்கலாமா, எழுதலாமா, அழிக்கலாமா என்று மூன்றையும் விண்டோஸிடம் சொல்லிவிட வேண்டும். அழிக்கலாம் என்று சொல்லாமல் திறந்திருந்தால், அந்தப் புரோகிராம் விடும்வரை அட்மினாலும் அழிக்க முடியாது. இது பழுதல்ல. எழுதிக்கொண்டிருக்கும் ஃபைலை நடுவில் உருவிவிடாமல் காக்கும் ஏற்பாடு.

யார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று பார்க்க, ஸ்டார்ட் மெனுவில் ரிசோர்ஸ் மானிட்டர் என்று தேடித் திறங்கள். சிபியு டேபுக்குப் போனால் அசோசியேட்டட் ஹேண்டில்ஸ் என்ற பட்டை இருக்கும், அதன் வலப்பக்கம் தேடல் பெட்டி. (ஹேண்டில் என்பது, திறந்த ஃபைலுக்காக விண்டோஸ் அந்தப் புரோகிராமுக்குக் கொடுக்கும் அடையாள எண்.) அழியாத ஃபைலின் பெயரில் ஒரு பகுதியை அதில் தட்டினால், பிடித்திருக்கும் புரோகிராமின் பெயர் கீழே வரும். எதுவும் வராவிட்டால் அது டிஎல்எல் ஃபைலாக (புரோகிராம்கள் ஏற்றிப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பாக) இருக்கலாம். புரோகிராமுக்குள் ஏற்றப்பட்ட டிஎல்எல் இந்தத் தேடலில் சிக்காது. அதற்கு மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் உள்ள புராசஸ் எக்ஸ்ப்ளோரரை அட்மினாக ஓட்டி, ஃபைண்ட் மெனுவில் ஃபைண்ட் ஹேண்டில் ஆர் டிஎல்எல் என்பதைத் தேர்ந்தெடுங்கள். அது ஹேண்டில், டிஎல்எல் இரண்டையும் தேடும். மைக்ரோசாஃப்டின் பவர்டாய்ஸ் என்ற துணைக் கருவித் தொகுப்பை நிறுவியிருப்பவர்களுக்கு இன்னும் எளிது: ஃபைலில் ரைட் கிளிக் செய்து ஃபைல் லாக்ஸ்மித்தைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

பெயர் தெரிந்த பிறகு என்ன செய்வது என்பது, வந்த பெயரைப் பொறுத்தது.

குரோம், எட்ஜ் என்று வந்தால், சன்னலை மூடினாலும் அவை பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கின்றன என்று பொருள். குரோம் செட்டிங்ஸில் சிஸ்டம் பகுதிக்குப் போய், மூடிய பிறகும் பின்னணி ஆப்களை ஓடவிடும் சுவிட்சை அணையுங்கள். எட்ஜில் அதோடு ஸ்டார்ட்டப் பூஸ்ட் என்பதையும் அணைக்க வேண்டும். இல்லாவிட்டால் விண்டோஸ் கிளம்பும்போதே எட்ஜின் சில புராசஸ்கள் எழுந்து உட்கார்ந்துவிடும்.

எக்ஸ்ப்ளோரர் என்று வந்தால் பெரும்பாலும் பிரிவ்யூ பலகையோ தம்ப்நெயில் கேஷோதான். பிரிவ்யூ பலகையை ஆல்ட் + பி அழுத்தி மூடுங்கள். தம்ப்கேஷ் எனத் தொடங்கும் டிபி ஃபைல்களைக் கையால் அழிக்க மெனக்கெட வேண்டாம், டிஸ்க் கிளீனப்பில் தம்ப்நெயில்ஸ் என்பதை டிக் செய்து ஓட்டுங்கள்.

விண்டோஸ் டிஃபென்டரின் எம்எஸ்எம்பிஇஎன்ஜி என்று வந்தால் சற்றுப் பொறுங்கள். ஸ்கேன் முடிந்ததும் தானே விட்டுவிடும். இதற்காக டெம்ப் ஃபோல்டரை ஸ்கேனிலிருந்து விலக்கிவைக்கச் சொல்லும் ஆலோசனையை ஏற்காதீர்கள். பல வைரஸ்கள் முதலில் வந்து இறங்கும் இடமே அதுதான்.

எஸ்விசிஹோஸ்ட் என்று வந்தால் ஏதோ ஒரு சர்வீஸ் பிடித்திருக்கிறது. ரிசோர்ஸ் மானிட்டரில் தெரியும் பிஐடி எண்ணைக் குறித்துக்கொண்டு, டாஸ்க் மேனேஜரின் சர்வீசஸ் டேபில் அதே எண்ணைத் தேடினால் எந்த சர்வீஸ் என்று தெரிந்துவிடும்.

புராசஸ் எக்ஸ்ப்ளோரரில் குளோஸ் ஹேண்டில் என்ற வசதி இருக்கிறது. அதைப் பயன்படுத்தாதீர்கள். ஒரு ஹேண்டிலை நீங்கள் வெளியிலிருந்து மூடியது அந்தப் புரோகிராமுக்குத் தெரியாது. அதே புரோகிராம் அடுத்து திறக்கும் வேறொரு ஃபைலுக்கு விண்டோஸ் அந்த எண்ணையே கொடுத்துவிடலாம். புரோகிராம் பழைய டெம்ப் ஃபைல் என்று நினைத்து எழுதுவது அந்தப் புதிய ஃபைலில் போய் விழும். சில எம்பி குப்பைக்காக ஒரு டேட்டாபேஸைக் கெடுத்துக்கொள்ளும் வேலை அது. வம்பாகப் பூட்டை உடைக்கும் அன்லாக்கர் மென்பொருள்களில் பலவும் இதையேதான் செய்கின்றன. புரோகிராமை முறையாக மூடுங்கள், மறுத்தால் டாஸ்க் மேனேஜரில் எண்ட் டாஸ்க் கொடுங்கள்.

அறிகுறி: "ரீஸ்டார்ட் செய்ததும் அழியும்" என்று கிளீனர் சொன்னது, அழியவில்லை

பூட்டியிருக்கும் ஃபைலை அடுத்த முறை கம்ப்யூட்டர் பூட் ஆகும்போது அழிக்கச் சொல்லிப் பதிந்துவைக்க விண்டோஸில் வழி உண்டு, பிளீச்பிட் போன்றவை அதைப் பயன்படுத்துகின்றன. ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) செஷன் மேனேஜர் கிளையின் கீழ், பெண்டிங்ஃபைல்ரீநேம்ஆபரேஷன்ஸ் என்ற பட்டியலில் ஃபைலின் பெயர் ஏறும். பூட் ஆகும்போது, மற்ற புரோகிராம்கள் எழும் முன்பே, செஷன் மேனேஜர் அந்தப் பட்டியலைப் படித்து அழித்துவிடும்.

இது நடக்காமல் போவதற்கு முக்கியக் காரணம் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப். விண்டோஸ் 8-இலிருந்து வரும் வசதி இது. இது ஆன் ஆகியிருந்தால், ஷட் டவுன் கொடுக்கும்போது விண்டோஸின் மையப் பகுதியான கெர்னல் முழுதாக அணைவதில்லை, ஹைபர்னேட் ஆகி உறங்குகிறது. மறுநாள் பவர் பட்டனை அழுத்தும்போது அதே செஷன்தான் எழுகிறது, எனவே பட்டியலும் படிக்கப்படுவதில்லை. ரீஸ்டார்ட் கொடுத்தால் மட்டுமே முழுப் பூட் நடக்கும். வாரக்கணக்கில் தினமும் ஷட் டவுன் செய்தும் ஒரே ஃபைல் அழியாமல் கிடக்கிறது என்றால், சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

பட்டியலில் என்ன காத்திருக்கிறது என்று பார்க்க, சிஸ்இன்டர்னல்ஸின் பெண்ட்மூவ்ஸ் கருவி இருக்கிறது. ஒரு எச்சரிக்கை: ரீஸ்டார்ட்டுக்குப் பதிந்துவிட்டு, ரீஸ்டார்ட் செய்யாமலேயே புது சாஃப்ட்வேர் எதையும் நிறுவாதீர்கள். பட்டியலில் இருப்பது பெயர் மட்டுமே. அதே பெயரில் அதே இடத்தில் புது ஃபைல் வந்திருந்தால், பூட் ஆகும்போது அழிவது அந்தப் புது ஃபைல்.

அறிகுறி: "அனுமதி மறுக்கப்பட்டது", எரர் 5

கிளீனரை அட்மினாக ஓட்டவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். ரைட் கிளிக் செய்து, ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் கொடுத்துப் பாருங்கள்.

அட்மினாக இருந்தும் மறுத்தால், ஃபைலின் உரிமையாளர் வேறு கணக்காக இருக்கலாம். நீக்கிவிட்ட பழைய யூசரோ, வேறு கம்ப்யூட்டரிலிருந்து கழற்றி மாட்டிய டிஸ்க்கோ என்றால் இப்படி வரும். ஃபோல்டரில் ரைட் கிளிக் செய்து பிராபர்ட்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு என்று போங்கள். மேலே ஓனர் என்ற வரியில் சேஞ்ச் அழுத்தி, உங்கள் யூசர் பெயரைத் தட்டி, செக் நேம்ஸ் கொடுங்கள். உள்ளே இருப்பவற்றுக்கும் ஓனரை மாற்றும் பெட்டியை டிக் செய்து ஓகே. எல்லாவற்றையும் மூடி மறுபடி அதே இடத்துக்கு வந்து, உங்கள் பெயருக்கு ஃபுல் கன்ட்ரோல் கொடுங்கள். ஒரே மூச்சில் இரண்டையும் செய்ய முயன்றால் சில நேரம் ஏற்றுக்கொள்ளாது.

இதை டெம்ப் ஃபோல்டர்களுக்குள் மட்டும் செய்யுங்கள். ஓனர் டிரஸ்டட்இன்ஸ்டாலர் (விண்டோஸ் தன் சொந்த ஃபைல்களைக் காக்கப் பயன்படுத்தும் கணக்கு) என்று இருந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். குறிப்பாக சி:\விண்டோஸ்\இன்ஸ்டாலர் ஃபோல்டர் பல ஜிபி இருக்கும், பார்க்கக் குப்பை போலவும் தெரியும். அதிலிருந்து ஃபைல்களை அழித்தால் அன்று எதுவும் ஆகாது. பின்னொரு நாள் ஆஃபீஸை அப்டேட் செய்யவோ நீக்கவோ போகும்போது, மூல ஃபைல் கிடைக்கவில்லை என்று நின்றுவிடும்.

ஓனரும் நீங்கள்தான், அனுமதியும் இருக்கிறது, பிராபர்ட்டீஸ் சன்னலே திறக்க மாட்டேன் என்கிறது என்றால், ஃபைல் ஏற்கெனவே பாதி அழிந்த நிலையில் இருக்கலாம். அழிக்கச் சொல்லி உத்தரவு போய்விட்டது, ஆனால் ஏதோ ஒரு புரோகிராம் இன்னும் கையை விடவில்லை. இந்த இடைவெளியில் யார் தொட்டாலும் விண்டோஸ் அனுமதி இல்லை என்றே சொல்லும். ஓனரை மாற்றிப் போராட வேண்டாம், ரீஸ்டார்ட்டில் தானே மறைந்துவிடும்.

அறிகுறி: அழிகிறது, மறுபடி வந்துவிடுகிறது

இங்கே அழிப்பதை நிறுத்திவிட்டு, உருவாக்குவது யார் என்று பார்க்க வேண்டும். பெயரின் தொடக்கமே பல நேரம் காட்டிக்கொடுத்துவிடும். _எம்இஐ என்று தொடங்கி எண்களோடு முடியும் ஃபோல்டர் பைஇன்ஸ்டாலரால் கட்டிய பைத்தான் புரோகிராமுடையது. ஒற்றை ஃபைலாக வரும் அத்தகைய புரோகிராம், ஓடும் ஒவ்வொரு முறையும் தன்னை டெம்பில் விரித்துக்கொள்ளும், ஒழுங்காக மூடினால் தானே சுருட்டிக்கொள்ளும், கிராஷ் ஆனால் அப்படியே விட்டுவிடும். தினமும் ஒரு புது _எம்இஐ ஃபோல்டர் சேர்ந்தால் அந்தப் புரோகிராம் தினமும் கிராஷ் ஆகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். ~டிஎஃப் என்று தொடங்குவது ஆஃபீஸ் போன்றவற்றின் வேலை ஃபைல். ஐஎஸ்- என்று தொடங்கி டிஎம்பி என முடியும் ஃபோல்டர் இன்னோ செட்டப் என்ற இன்ஸ்டாலருடையது. நிறுவுதல் முடியாமல் நின்றுபோன ஏதோ ஒன்றின் மிச்சம் அது.

பெயரில் துப்பு இல்லையென்றால் சிஸ்இன்டர்னல்ஸின் புராசஸ் மானிட்டரை ஓட்டி, பாத் என்ற ஃபில்டரில் டெம்ப் ஃபோல்டரின் முகவரியைக் கொடுத்துக் கொஞ்ச நேரம் விட்டுவையுங்கள். எந்தப் புராசஸ் எழுதுகிறது என்பது வரிவரியாக வந்துவிடும்.

இந்த வகையில் மிக மோசமான ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். சி:\விண்டோஸ்\டெம்ப் ஃபோல்டரில் கேப்_ என்று தொடங்கும் ஃபைல்கள் நூற்றுக்கணக்கில் சேர்ந்து, சி டிரைவையே நிரப்பிவிடும். அழித்தால் இடம் திரும்பும், சில நாளில் மறுபடி நிரம்பும். விண்டோஸ் 7 காலத்திலிருந்தே பலரைப் படுத்திய கோளாறு இது, சர்வர்களிலும் உண்டு.

நடப்பது இதுதான். விண்டோஸ் அப்டேட்கள் நிறுவும்போது எழுதும் லாக் (நடப்பதைக் குறித்துவைக்கும் பதிவு ஃபைல்), சி:\விண்டோஸ்\லாக்ஸ்\சிபிஎஸ் ஃபோல்டரில் சேரும். அது பெரிதானதும் சிபிஎஸ்பெர்சிஸ்ட் என்ற பெயரில் ஒதுக்கிவைத்து, மேக்கேப் என்ற சிறு கருவியால் சுருக்கப் பார்க்கும். மேக்கேபால் 2 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைலைச் சுருக்க முடியாது. லாக் அந்த அளவைத் தாண்டிவிட்டால் சுருக்கும் வேலை பாதியில் விழும், அதுவரை எழுதிய கேப்_ ஃபைல் டெம்பில் அநாதையாகக் கிடக்கும். பிறகு மறுபடி முயலும், மறுபடி விழும், இன்னொரு கேப்_ ஃபைல் சேரும். எந்த கிளீனரும் டெம்பில் விழுவதைத்தான் அள்ளுமே தவிர, மூலமான அந்த லாகைத் தொடாது.

தீர்வு: ஸ்டார்ட் மெனுவில் சர்வீசஸ் திறந்து, விண்டோஸ் மாட்யூல்ஸ் இன்ஸ்டாலர் என்பதை ஸ்டாப் செய்யுங்கள். லாக்ஸ்\சிபிஎஸ் ஃபோல்டருக்குப் போய், சிபிஎஸ்பெர்சிஸ்ட் எனத் தொடங்கும் பெரிய லாக் ஃபைல்களை வேறு டிரைவுக்கு நகர்த்துங்கள், தேவையில்லை என்றால் அழியுங்கள். சிபிஎஸ் லாக் தானே ஜிபி கணக்கில் இருந்தால் அதையும் நகர்த்தலாம், விண்டோஸ் புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளும். இதற்குப் பிறகுதான் டெம்பில் உள்ள கேப்_ ஃபைல்களை அழிக்க வேண்டும். கடைசியில் ரீஸ்டார்ட். லாக் மறுபடி வேகமாக வீங்கினால் விண்டோஸின் உள்பாகங்களிலேயே சிதைவு இருக்கிறது. அட்மின் கமாண்ட் பிராம்ப்டில் முதலில் டி-ஐ-எஸ்-எம் /ஆன்லைன் /கிளீனப்-இமேஜ் /ரீஸ்டோர்ஹெல்த், அது முடிந்ததும் எஸ்-எஃப்-சி /ஸ்கேன்நவ் என்று இந்த வரிசையில் ஓட்டுங்கள்.

அறிகுறி: கிளீனர் எரர் எதுவும் காட்டவில்லை, ஆனால் ஃபைல்கள் அப்படியே இருக்கின்றன

வயது விதிதான் காரணம். டிஸ்க் கிளீனப் ஒரு வாரத்துக்குள் தொடப்பட்ட டெம்ப் ஃபைல்களை விட்டுவிடும். சிசிகிளீனர் 24 மணி நேரத்துக்குள் உள்ளவற்றை விடும், அதை அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் மாற்றலாம். மாற்றாமல் இருப்பதே நல்லது. நிறுவுதல் நடுவில் ரீஸ்டார்ட் கேட்டு நிற்கும் சாஃப்ட்வேர், தன் மீதிப் பாகங்களை டெம்பில்தான் வைத்திருக்கும்.

அறிகுறி: அப்டேட் ஃபைல்கள் பல ஜிபி, அழிய மறுக்கின்றன

சி:\விண்டோஸ்\சாஃப்ட்வேர்டிஸ்ட்ரிபியூஷன்\டவுன்லோடு ஃபோல்டர் என்றால், சர்வீசஸில் விண்டோஸ் அப்டேட், பேக்ரவுண்ட் இன்டெலிஜென்ட் டிரான்ஸ்ஃபர் இரண்டையும் ஸ்டாப் செய்துவிட்டு உள்ளே இருப்பவற்றை அழியுங்கள், ஃபோல்டரை விட்டுவையுங்கள். பிறகு இரண்டையும் ஸ்டார்ட் செய்யுங்கள்.

வின்எஸ்எக்ஸ்எஸ் (விண்டோஸ் தன் பாகங்களைச் சேர்த்துவைக்கும் ஃபோல்டர்) என்றால் கை வைக்கவே கூடாது. அட்மின் பிராம்ப்டில் டி-ஐ-எஸ்-எம் /ஆன்லைன் /கிளீனப்-இமேஜ் /ஸ்டார்ட்கம்போனன்ட்கிளீனப் என்ற ஒரே வரி போதும். அதோடு ரீசெட்பேஸ் என்று சேர்க்கச் சொல்வார்கள். சேர்த்தால் இதுவரை நிறுவிய அப்டேட்களைப் பிறகு நீக்க முடியாது. முந்தைய விண்டோஸின் மிச்சமான விண்டோஸ்.ஓல்டு ஃபோல்டரை செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் வழியாக நீக்குங்கள், கையால் இழுத்தால் அனுமதிச் சிக்கலில் பாதியில் நிற்கும்.

அறிகுறி: "பெயர் மிக நீளம்" அல்லது "இந்த இடத்தில் அப்படி ஒன்று இல்லை"

ஃபைலின் முழு முகவரி 260 எழுத்துகளைத் தாண்டினால் எக்ஸ்ப்ளோரர் தடுமாறும். 7-ஜிப் ஃபைல் மேனேஜரில் அந்த ஃபோல்டரைத் தேர்ந்தெடுத்து ஷிஃப்ட் + டெலீட் கொடுங்கள். வெறும் டெலீட் வேண்டாம், ரீசைக்கிள் பின் நீண்ட முகவரியை ஏற்காது. கமாண்ட் பிராம்ப்டில் ஓட்டும் ரோபோகாப்பி என்ற நகல் கட்டளையும் உதவும்: ஒரு காலி ஃபோல்டரை உருவாக்கி, காலி ஃபோல்டர் முதலில், பிடிவாத ஃபோல்டர் அடுத்து, கடைசியில் /எம்-ஐ-ஆர் என்று கொடுத்தால் உள்ளே இருக்கும் அனைத்தும் அழியும். வரிசை மாறிவிடாமல் பாருங்கள், இரண்டாவதாகக் கொடுப்பதுதான் காலியாகும்.

கண்ணுக்குத் தெரியும் ஃபைலை "இல்லை" என்று சொன்னால், அதன் பெயர் புள்ளியிலோ இடைவெளியிலோ முடிகிறது. பெயர் ஏயுஎக்ஸ், சிஓஎன், என்யுஎல் போன்ற ஒதுக்கப்பட்ட சொல்லாக இருந்தாலும் அழியாது. கமாண்ட் பிராம்ப்டில் டி-ஈ-எல் கட்டளைக்குப் பிறகு, முழு முகவரியின் முன்னால் \\?\ சேர்த்து, மேற்கோள் குறிக்குள் கொடுங்கள். விண்டோஸ் பெயரைத் திருத்தாமல் எழுதியபடியே எடுத்துக்கொள்ளும். ஃபோல்டர் என்றால் டி-ஈ-எல் இடத்தில் ஆர்-டி /எஸ்.

அறிகுறி: எதற்கும் மசியவில்லை, யார் பிடித்திருக்கிறார் என்றும் தெரியவில்லை

சேஃப் மோடு. ஷிஃப்ட் கீயை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுங்கள். டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட் என்று போய், பட்டியல் வந்ததும் 4 அழுத்துங்கள். அத்தியாவசியமல்லாத டிரைவர்களும் ஆன்ட்டிவைரஸும் எழாத நிலையில் பெரும்பாலானவை சத்தமில்லாமல் அழிந்துவிடும். பிட்லாக்கர் (டிஸ்கைக் குறியாக்கம் செய்து பூட்டும் விண்டோஸ் வசதி) இயங்கும் லேப்டாப் என்றால், ரெக்கவரி கீயை முன்கூட்டியே கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: "ஃபைல் அல்லது ஃபோல்டர் சிதைந்துள்ளது", 0x80070570

இது டெம்ப் ஃபைல் பிரச்சினையே அல்ல. டிஸ்கின் ஃபைல் அட்டவணையில் பிசகு இருக்கிறது. முதலில் முக்கியமான ஃபைல்களை வேறு டிஸ்குக்கு நகலெடுங்கள், பிறகே பழுதைத் தொடுங்கள். அட்மின் பிராம்ப்டில் சி-எச்-கே-டி-எஸ்-கே சி: /எஃப் என்று தட்டி, அடுத்த முறை பூட் ஆகும்போது ஓட்டட்டுமா என்று கேட்டால் ஒய் கொடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஓடி முடியும்வரை பவரை அணைக்காதீர்கள், லேப்டாப் என்றால் சார்ஜரில் மாட்டியிருக்கட்டும். திடீர் மின்தடையால் வந்த சிதைவு என்றால் ஒரே ஓட்டத்தில் சரியாகி, ஃபைலும் அழியும். சில வாரத்தில் அதே எரர் வேறு ஃபோல்டரில் தலைகாட்டினால் டிஸ்க் சாகத் தொடங்கியிருக்கலாம். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற கருவியில் ஹெல்த் நிலை காஷன் அல்லது பேட் என்று காட்டினால், புது எஸ்எஸ்டி வாங்கி மாற்றும்வரை அந்த டிஸ்கில் புதிதாக எதையும் சேமிக்காதீர்கள்.